அடுத்தவர் ரவுண்டு

ஒருத்தி ரவுண்டை இன்னொருத்தி ஓடக் கூடாது. எமிலியானா டீச்சரின் மைதானத்தில் அதுதான் முதல் சட்டம்.

எட்டாம் வகுப்பில் என் தோழி பெனிட்டா மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பாவம் பார்த்து அவள் ரவுண்டையும் சேர்த்து நானே ஓடி முடித்தேன். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஏ ஜெசிந்தா, அவளுக்குப் பசிச்சா நீ சாப்பிடுவியா?” என்றார். பிறகு பெனிட்டாவை எழுப்பி, தானும் அவள் பக்கத்திலேயே நடந்து போனார். “மெதுவா நட. நின்னு நின்னு நட. ஆனா நீதான் நடக்கணும், பிள்ள.”

இரண்டாவது சட்டம் கொடி. டீச்சரின் கையில் உள்ள சிவப்புக் கொடி தலைக்கு மேலே போய்க் கீழே விழுந்தால்தான் ஓட்டம். அதற்கு முன்னால் யார் காலாவது அசைந்தால் மொத்தக் கூட்டமும் திரும்பக் கோட்டுக்கு வரவேண்டும். கலெக்டர் பிள்ளையானாலும் சரி, கருவாட்டுக் கடைக்காரர் பிள்ளையானாலும் சரி.

இந்தச் சட்டத்தையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்த மனுஷியின் வீட்டிலேயே முதல் சட்டம் உடைந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லையென்றால் ஒரு நோயாளியும் காலை மடக்க மாட்டான்.

டீச்சருக்கு முதலில் தலை வாரக் கை ஏறவில்லை. அப்புறம் நாற்காலியை விட்டு எழ மேஜையைப் பிடிக்க வேண்டி வந்தது. வயசாகுதுல்லா என்று தள்ளிப்போட்டார். ஒருநாள் மைதானத்தில் கொடியைத் தூக்கினார், அது தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கோட்டிலேயே நின்றார்களாம். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தசை அழற்சி என்றார் டாக்டர் மரகதவல்லி. உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய படை, சொந்தத் தசையையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். மாத்திரை அந்த அடியை நிறுத்தும். ஆனால் அடிபட்டு மெலிந்த தசையை மாத்திரை தேற்றாது, அதற்கு அளவாக வேலை கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த நோய்க்காரர்களை ‘அசையாதே’ என்று படுக்க வைத்தார்கள். அது தப்பு என்று டாக்டர்களுக்குத் தெரிந்து எவ்வளவோ காலமாயிற்று. சொந்தக்காரர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

வேலை கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது டீச்சர் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும். கையூன்றாமல் எழுந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால் மறுபடியும் மைதானம். முடியாவிட்டால் கட்டாய ஓய்வு. டீச்சருக்கு அந்தப் புழுதியைத் தவிர உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

“ஒரு வருசம் இருக்குல்லா, ஜெசி? நம்ம கொடிய ஏத்திருவோம்” என்றார்.

அப்போது அது நடக்கக்கூடிய காரியமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டீச்சரின் வீட்டுக்காரர் கஸ்பார் அங்கிள் மக்ரூன் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறார். உடைந்த மக்ரூனை விற்க முடியாது என்று அவரே தின்பார். உடையாத நாளில் உடைத்துத் தின்பார். சர்க்கரை வியாதி வேறு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. அதற்கும் டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற ஆட்டோவைக் கூப்பிடுவார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஓடவைத்த டீச்சரால் இந்த ஒரு மனுஷனை நடக்கவைக்க முடியவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை நான் தொடங்கினேன். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி எழும்புவார். உடனே அங்கிள் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்.

“அங்கிள், கைய எடுங்க.”

“அவ கால் நடுங்குதுல்லா, பிள்ள.”

“நடுங்கட்டும். அவங்க கால்தான நடுங்குது, ஒங்க கால் இல்லையே?”

“ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். இரண்டு மூன்று தலையணையோடு திரும்பி வருவார். அந்த வீட்டில் தலையணை பெருகிய வேகத்துக்குப் பஞ்சு விலையே ஏறியிருக்கும்.

அப்போதுதான் பயறு வந்தது.

பாசிப்பயறு அளவில் ஒரு குட்டி மிஷின். நோயாளியின் மேல்கையில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதன் ஜோடி ஒரு காப்பு, அதை ஆரோக்கியமான வேறு ஒருவர் மணிக்கட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் மரகதவல்லி விளக்கிச் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

“நாம ஓடும்போது தசை சும்மா ஓடுறது இல்ல. நல்ல நல்ல சரக்கெல்லாம் ரத்தத்துல எறக்கி விடும். அழற்சிய அடக்குறதும் அதுல உண்டு. காப்பு போட்டவர் ஓடினா, அதே ஏற்ற இறக்கத்துல பயறும் அந்தச் சரக்கை இவங்க உடம்புல வடிக்கும்.”

“மிஷினே வடிச்சிரலாமே டாக்டர், ஆள் எதுக்கு?” என்றேன்.

“ஒரே மாதிரி வடிச்சா உடம்பு மதிக்காதும்மா. மூச்சு வாங்கி, தளர்ந்து, மறுபடி வேகம் பிடிக்கிற நிஜ உடம்போட தாளம் வேணும்.”

கஸ்பார் அங்கிள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “அப்போ நான் ஓடினா அவளுக்குச் சேரும்?”

“பாதி சேரும். மீதிக்கு அவங்கதான் அசையணும். பிள்ளைக்குப் பால் குடுக்கலாம்ணே, தவழ்றதை அதுதான் தவழணும். இன்னொண்ணு, சில உடம்பு பயறைச் சுத்திச் சுவர் எழுப்பிரும். அப்போ பயறு ஊமையாயிரும். காப்புல பச்சை விளக்கு போய் மஞ்சள் எரியும். எரிஞ்சா ஒடனே வந்துருங்க.”

அங்கிளின் காதில் ‘சேரும்’ என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, அவர் அம்மா வேளாங்கண்ணி மணலில் முட்டி தேய நடந்து நேர்ச்சையை முடித்திருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பட்டினி கிடப்பதும், மொட்டை போடுவதும், நடப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. இப்போது அதற்கு ஒரு மிஷினே வந்துவிட்டது, விடுவாரா?

மறுநாளே கடற்சுவர் மேல் ஓடத் தொடங்கினார். கடல் இரண்டு தெருவை விழுங்கிய பிறகு கட்டிய சுவர் அது. அதன் மேல் நல்ல அகலமான பாதை உண்டு. முதல் நாள் அவர் ஓடியதைப் பார்த்து மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தொப்பை ஒரு பக்கம் போக, ஆள் ஒரு பக்கம் போனார். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் கை தட்டினார்கள். ‘பொஞ்சாதிக்காக ஓடுறவர்’ என்று பேர் வந்தது. கோயில் பிரசங்கத்தில் ஃபாதரே அவரைச் சொல்லி, “கணவன்மார்களே, கேளுங்கள்” என்றார். கடையில் மக்ரூன் வியாபாரம் எகிறியது. அதில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் அங்கிள் இளைத்தார்.

டீச்சர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அங்கிள் ஓடி முடித்து வேர்வையோடு வரும்போது அதைப் பார்த்தால் அவர் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் அங்கிளின் அக்கா ரெஜினா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் முன்னாலேயே சொன்னாள்.

“எளா எமிலி, ஒனக்காக ஒருத்தன் ஊர் சிரிக்க ஓடுதான். நீ இங்கன முக்கி முக்கி எந்திச்சா என்ன அர்த்தம்? அவன் ஓட்டத்து மேல ஒனக்கு நம்பிக்கை இல்லன்னுதான அர்த்தம்? சும்மா இரியாம்.”

டீச்சர் திரும்பிக் கடிப்பார் என்று காத்திருந்தேன். மைதானத்தில் எந்தப் பெரிய மனுஷனையும் விட்டுவைக்காத வாய். அது அன்றைக்குத் திறக்கவில்லை. மெதுவாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் அங்கிள் வாசலிலேயே என்னை நிறுத்தினார். “இனி நீ செரமப்பட வேண்டாம், பிள்ள. நான் ரெண்டு வேளையும் ஓடுதேன்” என்று ஒரு டப்பா மக்ரூனைக் கையில் திணித்தார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பாதிதான் சேரும் என்றேன். “அந்தப் பாதிய இரட்டிப்பா ஓடினா முழுசாயிரும்லா?” என்றார். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ரோஷத்தோடு வந்துவிட்டேன். டப்பாவை எறும்பு தின்றது.

அடிக்கடி போனில் டீச்சரைப் பிடிப்பேன். “நல்லா இருக்கேன், கையில சூடா ஏறுது, தெம்பா இருக்கு” என்பார். குரலில் விசில் இல்லை. டாக்டரும் எழுதி எழுதிக் கூப்பிட்டிருக்கிறார், வருகிறேன் வருகிறேன் என்று அங்கிள் இழுத்தடித்திருக்கிறார். போர்டு தேதி நெருங்கியதும் என்னால் இருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே போனேன்.

கதவைத் திறந்தது அங்கிள். அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, வயிறு ஒட்டி, வாலிபப் பையன் மாதிரி நின்றார். டீச்சர் ஜன்னலோரம் தலையணைக் குவியலுக்கு நடுவே இருந்தார்.

“டீச்சர், கையூன்றாம எந்திங்க பாப்போம்” என்றேன்.

எழுந்திருக்கவில்லை. முன்பு பாதியாவது எழுவார். இப்போது இடுப்பு சற்றுப் பெயர்ந்து அப்படியே உட்கார்ந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். தோளுக்குக்கூட வரவில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்து, தண்ணீர் வேண்டும் என்று சமையல்கட்டுக்குப் போனேன். அங்கிள் பின்னாலேயே வந்தார்.

அவர் மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றி, அதன் மேல் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். எனக்கு எங்கோ உறைத்தது. கைக்குட்டையைப் பிடித்து இழுத்தேன். காப்பில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

“எப்போலேருந்து?”

அவர் கைக்குட்டையை வாங்கித் திரும்பக் கட்டப் பார்த்தார்.

“அங்கிள், கேக்கேன்லா? எப்போலேருந்து?”

“கிறிஸ்மஸுக்கு முன்னாடி.”

வெளியே கோடை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “கோட்டியா ஒங்களுக்கு? ஊமையாப் போன பயறை வச்சிக்கிட்டு யாருக்கு ஓடுனீய?”

“மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுரும்.” கெஞ்சினார். “மஞ்சள் எரிஞ்ச அன்னைக்கு அவகிட்ட சொல்லத்தான் வந்தேன், ஜெசி. ஜன்னல்ல எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. ‘இன்னைக்கு நல்லா சூடு ஏறுதுங்க’ன்னு சிரிச்சா. அந்த முகத்தப் பாத்து நான் எப்படிச் சொல்ல? மிஷின் செத்தா என்ன, மாதா கொண்டு சேப்பாள்னு நெனச்சேன். எங்க அம்மா முட்டி போட்டு நடந்தப்ப எந்த மிஷின் இருந்துச்சு?”

கையில் இருந்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நீள வாய்க்குப் பொறுமை ஏது?

“டீச்சர், பயறு ஊமையாகி மாசக்கணக்காச்சு. சூடு ஏறுதுன்னு எப்படிச் சொன்னீய?”

டீச்சர் அதிரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடற்சுவரைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் ஓடுகிறவரின் தலை தெரியும்.

“மொதல்ல ஏறுச்சு, பிள்ள. நெசமாத்தான் ஏறுச்சு. அப்புறம் ஒருநாள் நின்னுபோச்சு.”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொன்னா மறுநாளே ஓட்டத்த நிறுத்திருவாரு. அவருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைய நீ பாத்தியா? சர்க்கரை பாதியா எறங்கிருக்கு. கல்யாணமான நாள்லேருந்து கெஞ்சிருக்கேன், ஒரு தெரு நடந்திருப்பாரா இந்த மனுசன்? தனக்காக ஒரு அடி வைக்க மாட்டாரு. எனக்காகன்னா ஓடுதாரு. சரி, ஓடட்டுமேன்னு இருந்தேன்.”

“நீங்களாவது எந்திச்சு உக்காந்திருக்கலாம்லா?”

“நான் எந்திச்சா அவரு மூஞ்சி வாடுது. மூஞ்சி வாடுனா ஓட மாட்டாரு.” ஒரு தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அதோட, ஊரே பேசுச்சுல்லா, எனக்காக ஒருத்தர் ஓடுதாருன்னு. அது நல்லாவும் இருந்துச்சு, ஜெசி. பொய் சொல்ல மாட்டேன்.”

பின்னால் தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. நான் விட்டுவந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு அங்கிள் கதவருகே வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் சண்டை வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அங்கிள் கீழே உட்கார்ந்து கைக்குட்டையால் தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார்.

போர்டுக்கு இருந்த சொற்ப நாளில் என்னால் ஆனதைச் செய்தேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். சும்மா கிடந்த காலத்தில் பல இடத்தில் தசை கரைந்து கொழுப்பு குடியேறியிருந்தது. “தொடை தேறிரும். தோள் பழையபடி வருமான்னு கேக்காதீங்க” என்றார். போர்டு நாளில் டீச்சர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். வலது கை தோள் வரை வந்தது. “போதும்மா, கஷ்டப்படாதீங்க” என்றார் போர்டு டாக்டர், நல்ல மனுஷர். எல்லாரும் நல்லவர்களாக இருந்து ஒரு மனுஷியின் மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தி, அவர் கேட்டார் என்று அந்தச் சிவப்புக் கொடியையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அங்கிள் ஓடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. தன் ஓட்டம் டீச்சருக்குச் சேரவில்லை என்று தெரிந்தும் அத்தனை மாதம் ஓடியவர், அது டீச்சருக்கும் தெரியும் என்று தெரிந்த அன்றைக்கு நின்றார். காப்பைக் கழற்றி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். சர்க்கரை திரும்ப ஏறுகிறது. மக்ரூனும் உடைய ஆரம்பித்திருக்கிறது.

ஒரு நல்லது நடந்தது. தலையணை எல்லாம் பரண் மேலே போய்விட்டது. டீச்சர் எழுந்து உட்காரும்போது அங்கிள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறார். தூக்கிவிடக் கை பரபரக்கும், ஆனாலும் எழ மாட்டார். கையூன்றாமல் எழ டீச்சருக்கு இப்போது முடிகிறது. போர்டு போய்ப் பல மாதம் கழித்து முடிகிறது.

போன வாரம் சாயங்காலம் போனபோது வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தது. அங்கிள் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கோட்டில் நின்றிருந்தார். டீச்சர் படியில் நின்று கொடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். தோளைத் தாண்டியது, காது வரைக்கும் வந்தது. அங்கே நின்று நடுங்கியது.

“எறக்கிராதீங்க டீச்சர், மூச்ச விட்டுத் தூக்குங்க” என்றேன்.

முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கொடி நழுவிக் கீழே வந்தது.

“நாளைக்குப் பாப்போம்” என்றார் அங்கிள், குனிந்து ஷூவைக் கழற்றியபடி.

எனக்குக் கொதித்துவிட்டது. “அங்கிள், தோள் வராமலே போயிரலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. இதுக்கா காத்துக்கிட்டு இருக்கீய? ஒங்க சர்க்கரை என்ன ஏத்தத்துல கெடக்குன்னு தெரியுமா? கொடியாவது மண்ணாவது, நீங்க பாட்டுக்கு ஓடித் தொலைங்க!”

“ஓடுங்களேன்” என்றார் டீச்சரும். மெல்லிய குரல். “நான் கெஞ்சிக் கேக்கேன், ஒங்களுக்காக ஓடுங்க.”

அங்கிள் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். கோபமில்லை, கேலியும் இல்லை.

“கொடி தலைக்கு மேல போகாம காலை அசைக்கலாமா, எமிலி? ஓஞ் சட்டம்தான?”

டீச்சர் என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கொடியைக் கெட்டியாகப் பிடித்து மறுபடி தூக்கினார். தோள். காது. நான் என்னையறியாமல் கையை நீட்டினேன். “தொடாத, பிள்ள” என்றார் அங்கிள்.

கழற்றிய ஷூவை மாட்டிக்கொண்டு அவர் கோட்டில் வந்து நின்றார்.